பெருங்கோப்புச் சேமிப்பகத்தைத் தேர்ந்தெடுத்தல்: வளாகமும் மேகமும்

ஒரு நிறுவனத்தின் கோப்புகள் சில டெராபைட்டுகளைக் கடந்து நூற்றுக்கணக்கில் பெருகும்போது, அவற்றை எங்கே வைப்பது என்னும் ஆராய்ச்சி பெரும்பாலும் விலைப்பட்டியலிலிருந்தே தொடங்குகிறது. ஒரு டெராபைட்டுக்கு மாதம் எவ்வளவு என்று நான்கைந்து விற்பனையாளர்களிடம் கேட்டு, குறைவாகச் சொன்னவரிடம் முடித்துவிடுவது பரவலான வழக்கமாக உள்ளது. இவ்வாறு கேட்பவர் வைப்பதற்கான விலையை மட்டுமே அறிந்துகொள்கிறார். சேமிப்பகத்தின் உண்மையான செலவும் சிக்கலும் கோப்பைத் திரும்பப் படிக்கும்போதும், அழிந்ததை மீட்கும்போதும், எல்லாவற்றையும் வேறிடத்துக்குப் பெயர்க்கும்போதும்தான் வெளிப்படுகின்றன. அதனால் இவ்வியல் வைப்பதை விட்டு எடுப்பதையே அளவுகோலாகக் கொண்டு, சொந்த வளாகத்தையும் மேகத்தையும் எடைபோடுகிறது.

வளாகச் சேமிப்பு என்பது நிறுவனம் தானே வாங்கித் தன் கட்டடத்திலோ வாடகைத் தரவு மையத்திலோ வைத்து நடத்தும் கருவிகளைக் குறிக்கும். மேகச் சேமிப்பு, அதாவது கிளவுட், அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றோர் தம் தரவு மையங்களில் வாடகைக்கு விடும் இடம். கணக்குகள் எளிதாக இருக்க, 1,000 கிகாபைட் ஒரு டெராபைட் என்றும் 1,000 டெராபைட் ஒரு பெட்டாபைட் என்றும் கொள்ளப்படுகிறது; சில வழங்குநர்கள் 1,024 என்று எண்ணுவதால் பில் தொகையில் சிறு வேறுபாடு வரும்.

கோப்புகளைக் கணக்கெடுத்தல்

தேர்வுக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, ஏற்கெனவே இருக்கும் கோப்புகளைக் கணக்கெடுப்பது. மொத்தக் கொள்ளளவு இக்கணக்கெடுப்பில் ஒரு வரி மட்டுமே. எத்தனை கோப்புகள் உள்ளன, ஒவ்வொன்றின் சராசரி அளவு என்ன, கடைசியாக எப்போது திறக்கப்பட்டன, ஒரே நேரத்தில் எத்தனை கணினிகள் திறக்கின்றன, எழுதிய பின் கோப்பு மாறுகிறதா அப்படியே கிடக்கிறதா என்பவை அதைவிட முக்கியமான வரிகள். ஒரே 100 டெராபைட் இரு நிறுவனங்களில் எவ்வளவு வேறுபட்டு நிற்கும் என்பதைக் காண, சென்னையில் வழக்கமாகக் காணும் இரு தொழில்களை எடுத்துக்கொள்ளலாம்: திரைப்படங்களுக்கு விஎஃப்எக்ஸ் செய்யும் கூடம், சிடி ஸ்கேன் படங்களைச் சேர்த்துவைக்கும் மருத்துவமனை.

விஎஃப்எக்ஸ் கூடத்தில் 4கே படத்தின் ஒரு சட்டகம் 4,096 புள்ளி அகலமும் 2,160 புள்ளி உயரமும் கொண்டது; ஒரு புள்ளிக்கு மூன்று நிறங்கள், நிறத்துக்கு 2 பைட் என்று சுருக்காமல் எழுதினால் ஒரு சட்டகம் 53 மெகாபைட் ஆகிறது. சிடி ஸ்கேனின் ஒரு வெட்டுப்படமோ 512-க்கு 512 புள்ளிகள், புள்ளிக்கு 2 பைட் என்ற கணக்கில் அரை மெகாபைட் அளவே. எனவே 100 டெராபைட் நிறைந்தால் முதலாவதில் ஏறத்தாழ 19 லட்சம் கோப்புகளும், இரண்டாவதில் ஏறத்தாழ 19 கோடிக் கோப்புகளும் இருக்கும். கொள்ளளவு ஒன்று, கோப்பு எண்ணிக்கை நூறு மடங்கு வேறு. விலைப்பட்டியலில் இவ்வேறுபாடு ஒரு வரியிலும் தெரியாது.

படிக்கும் முறையும் அவ்வாறே வேறுபடுகிறது. விஎஃப்எக்ஸ் கலைஞர் ஒருவர் தம் காட்சியை நொடிக்கு 24 சட்டகம் என்ற இயல்பான வேகத்தில் ஓட்டிப் பார்க்க, நொடிக்கு 1.27 கிகாபைட் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். 10 கிகாபிட் வலைக்கம்பியின் உச்ச வேகம் நொடிக்கு 1.25 கிகாபைட் ஆகையால், ஒரே ஒரு கலைஞரின் தேவைக்கே அக்கம்பி போதாது. மருத்துவமனையில் ஒரு நோயாளியின் ஆயிரம் வெட்டுப்படங்களும் சேர்ந்தே அரை கிகாபைட்தான். அங்கே அலைவரிசை தடையாவதில்லை, ஆயிரம் முறை திறந்து மூடுவதே தடையாகிறது. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் ஒரு ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்குச் சுமார் நூறு முறை மட்டுமே தேடி எடுக்க வல்லது. அந்த வேகத்தில் 19 கோடிக் கோப்புகளை ஒருமுறை தொட்டுப் பார்க்கவே 22 நாள் ஆகும். பல டிஸ்குகளைச் சேர்த்தால் காலம் குறையும் எனினும், இத்தகைய நிறுவனம் கோப்பின் பெயர், இருப்பிடம், உரிமை முதலிய விவரங்களான மெட்டாடேட்டாவையாவது எஸ்எஸ்டியில் வைக்கும் அமைப்பையே நாட வேண்டும்.

கணக்கெடுப்பைத் தொழில்நுட்பப் பிரிவு தனியே செய்து முடிப்பது அறிவுடைமை ஆகாது. எந்தக் கோப்புறை உயிருள்ளது, எது கைவிடப்பட்டது என்பதை அதைப் பயன்படுத்தும் பிரிவே அறியும். பெரும்பாலான இடங்களில் கணக்கெடுப்பு முதலில் வெளிக்கொணர்வது, ‘இறுதி’, ‘இறுதி புதியது’, ‘உண்மையான இறுதி’ என்ற பெயர்களில் ஒரே கோப்பின் நான்கைந்து நகல்களைத்தான். புதிய சேமிப்பகம் வாங்குவதற்கு முன் இவற்றைக் களைவது, எந்த விற்பனையாளரும் தர முடியாத தள்ளுபடி.

மூன்று வகைச் சேமிப்பு

சேமிப்பகங்கள் பிளாக், கோப்பு, ஆப்ஜெக்ட் என மூவகைப்படும். பிளாக் சேமிப்பு, டிஸ்கின் ஒரு துண்டை ஒரு சர்வருக்கு அப்படியே ஒப்படைப்பது. தரவுத்தளங்களுக்கு உரிய அதற்கு இவ்வியலில் இடமில்லை. கோப்புச் சேமிப்பு, கோப்புறை, பெயர், பூட்டு, உரிமை ஆகியவற்றோடு வலைப்பின்னல் வழியே பலர் ஒருங்கே பயன்படுத்த இடம்தருவது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-இல் உருவாக்கிய என்எஃப்எஸ் நெறிமுறை யூனிக்ஸ், லினக்ஸ் உலகிலும், ஐபிஎம்மில் பிறந்து மைக்ரோசாஃப்டால் வளர்க்கப்பட்ட எஸ்எம்பி நெறிமுறை விண்டோஸ் உலகிலும் நிலைபெற்றன. எஸ்எம்பியின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகவே 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் பணயத் தீநிரல் (ரான்சம்வேர்) உலகெங்கும் பரவியது. பழைய ஸ்கேனருக்காகவோ அச்சுப்பொறிக்காகவோ அப்பதிப்பை இன்னும் திறந்துவைத்திருக்கும் அலுவலகங்கள் உண்டு. அப்பதிப்பை மூடிய பிறகே பெரிய சேமிப்பகம் குறித்துப் பேசுவது தகும்.

ஆப்ஜெக்ட் சேமிப்பு, அமேசான் 2006 மார்ச்சில் எஸ்3 சேவையைத் தொடங்கியதிலிருந்து பரவியது. ரயில் நிலையத்தின் பொருள் காப்பறையில் பெட்டியைக் கொடுத்துச் சீட்டு வாங்குவதைப் போல, கோப்பை முழுதாகக் கொடுத்து ஒரு பெயரைப் பெற்றுக்கொள்வதும், அப்பெயரைக் காட்டித் திரும்பப் பெறுவதும் அதன் இயல்பு. அங்கே கோப்புறை என ஒன்று இல்லை. பெயரின் நடுவே வரும் சாய்கோடுகளே கோப்புறைபோல் தோற்றமளிக்கின்றன. அதனால் ஒரு ‘கோப்புறை’யின் பெயரை மாற்றினால், பொதுவாக அதனுள் இருக்கும் ஒவ்வொரு கோப்பும் புதுப் பெயரில் நகலெடுக்கப்பட்டுப் பழையது அழிக்கப்படுகிறது. கோப்புச் சேமிப்பில் கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும் இவ்வேலை, லட்சக்கணக்கான கோப்புகள் உள்ள ஆப்ஜெக்ட் சேமிப்பில் மணிக்கணக்கில் நீளும். எஸ்3-ஐக் கணினியில் ஒரு டிரைவைப் போல இணைத்துக்காட்டும் மென்பொருள்கள் இந்த இயல்பை மறைக்கின்றனவேயன்றி மாற்றுவதில்லை. ஆப்ஜெக்ட் என்றாலே மேகம் என்ற எண்ணமும் சரியன்று; எஸ்3 பேசும் அதே மொழியைப் பேசும் சேமிப்பகங்களைச் சொந்த வளாகத்திலும் நிறுவலாம்.

தொலைவும் தாமதமும்

மேகத்துக்குப் போகும் இணைப்பு எவ்வளவு அகலமானாலும் தொலைவைச் சுருக்குவதில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்க்கோட்டில் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஆகையால், ஒரு கேள்வி போய் விடை திரும்பக் குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். கேபிள்கள் நேர்க்கோட்டில் போவதில்லை. இடையில் பல சாதனங்களும் உண்டு. அதனால் 20 மில்லிநொடி எனக் கொள்வது நியாயம். 5,000 கோப்புகள் கொண்ட கோப்புறையைத் திறக்கும் ஒரு மென்பொருள் ஒவ்வொரு கோப்பைப் பற்றியும் தனித்தனியே கேட்குமானால், அலுவலகத்துக்குள் கேள்விக்கு அரை மில்லிநொடி என்ற கணக்கில் இரண்டரை நொடியில் முடியும் வேலை, மும்பைச் சேமிப்பகத்தில் 100 நொடி எடுக்கும். வடிவமைப்பு மென்பொருள்களும் கணக்கு மென்பொருள்களும் இவ்வாறு ஓயாமல் கேட்கும் பழக்கமுடையவை. இணைப்பைப் பத்து மடங்கு அகலமாக்கிய பிறகும் ‘மெதுவாகவே இருக்கிறது’ என்ற முறையீடு நீங்காததற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு.

இந்தியாவுக்குள் மைக்ரோசாஃப்ட் 2015-இல் சென்னை, புணே, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016-இல் மும்பையிலும் 2022-இல் ஐதராபாத்திலும், கூகுள் 2017-இல் மும்பையிலும் 2021-இல் டெல்லியிலும் தம் மேக மையங்களைத் திறந்தன. அருகில் மையம் இருப்பதால் மட்டும் எல்லாச் சேவையும் அங்கே கிடைத்துவிடாது. தேவையான கோப்புச் சேவை அந்த மையத்தில் உண்டா என்பதைத் தனியே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

சொந்த வளாகத்தில் வைத்தல்

வளாகச் சேமிப்பில் இரு கட்டமைப்புகள் உண்டு. ஒரு தலைமைக் கருவியின் பின்னால் டிஸ்க் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே போவது ஒன்று. கருவிகளையே ஒன்றோடொன்று இணைத்து, ஒவ்வொரு கருவி சேரும்போதும் இடமும் வேகமும் சேர்ந்து வளரச் செய்வது மற்றொன்று. முன்னது சில நூறு டெராபைட் வரை எளிமையாகவும் மலிவாகவும் நடக்கும். தலைமைக் கருவியின் திறன் தீர்ந்ததும் வளர்ச்சி நின்றுவிடும். பின்னதில் தொடக்கச் செலவு கூடுதல். ஆண்டுதோறும் எவ்வளவு வளரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாத நிறுவனத்துக்கும், விஎஃப்எக்ஸ் கூடம் போல் பல கணினிகள் ஒருங்கே படிக்கும் இடத்துக்கும் அதுவே பொருந்தும். டெல் பவர்ஸ்கேல், நெட்ஆப், குமுலோ முதலியன வணிகப் பொருள்களாகவும், செஃப் என்பது திறமூல மென்பொருளாகவும் கிடைக்கின்றன; மிகு வேகம் வேண்டும் ஆய்வு நிறுவனங்கள் லஸ்டரையும் ஐபிஎம்மின் ஸ்டோரேஜ் ஸ்கேலையும் நாடுகின்றன.

டிஸ்க் பழுதாகும்போது தரவைக் காக்கும் முறையை விற்பனையாளரிடம் விளக்கமாகக் கேட்டறிய வேண்டும். 20 டெராபைட் டிஸ்க் ஒன்று பழுதாகி மாற்று டிஸ்க் பொருத்தப்பட்டால், நொடிக்கு 250 மெகாபைட் வேகத்தில் அதை மீண்டும் நிரப்ப 22 மணி நேரம் ஆகும். அன்றாட வேலையும் கூடவே நடப்பதால் இது நாள்கணக்காக நீள்வதே இயல்பு. அந்த இடைவெளியில் இன்னொன்றும் பழுதாகக் கூடும் ஆதலால், ஒரே டிஸ்கின் இழப்பை மட்டும் தாங்கும் ரெய்டு 5 முறை இன்றைய பெரிய டிஸ்குகளுக்குப் போதாது. பெரிய அமைப்புகள் இரேசர் கோடிங் என்னும் முறையைக் கையாளுகின்றன: தரவை எட்டுத் துண்டாக்கி, கணித முறையில் மூன்று துணைத் துண்டுகளையும் ஆக்கிப் பதினொரு டிஸ்குகளில் பரப்பினால், எந்த மூன்று போனாலும் தரவு மீளும். இதற்கு 100 டெராபைட்டுக்கு 137.5 டெராபைட் டிஸ்க் போதும். மூன்று முழு நகல் வைக்கும் முறைக்கு 300 வேண்டும். சிறு கோப்புகளில் இந்தச் சிக்கனம் கரைந்துவிடுவதால், மருத்துவமனை போன்ற இடங்கள் தம் கோப்பு அளவைச் சொல்லியே விலை கேட்க வேண்டும்.

விற்பனையாளர் காட்டும் கொள்ளளவு எண்ணையும் அவிழ்த்துப் பார்ப்பது நல்லது. டிஸ்குகளின் மொத்த அளவு ஒன்று. பாதுகாப்புத் துண்டுகளைக் கழித்தபின் எஞ்சும் அளவு இன்னொன்று. சுருக்கியும் மீள்நகல்களை நீக்கியும் எவ்வளவு கொள்ளும் என்ற மதிப்பீடு மூன்றாவது. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வருவது மூன்றாவதுதான். ஏற்கெனவே சுருக்கப்பட்ட வீடியோவும் படங்களும் மேலும் சுருங்குவதில்லை ஆகையால், அவற்றை வைத்திருக்கும் நிறுவனம் இரண்டாவது எண்ணை மட்டுமே நம்ப வேண்டும். மின்சாரம், குளிரூட்டல், கவனித்துக்கொள்ளும் பணியாளர் ஆகியவற்றோடு, உத்தரவாதக் காலம் முடிந்தபின் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் விலையையும் வாங்கும் நாளிலேயே எழுத்தில் பெற்றுக்கொள்வது விவேகம். வாங்கிய பிறகு கேட்டால் பேரம் பேசும் வலிமை இடம் மாறிவிட்டிருக்கும்.

திறமூல மென்பொருளைத் தேர்வோர் அதன் பின்னணியில் இருக்கும் நிறுவனத்தின் போக்கையும் கவனிக்க வேண்டும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆனந்த் பாபு பெரியசாமி தொடங்கிய குளஸ்டர், பெருங்கோப்புச் சேமிப்பில் உலகறிந்த திறமூலப் பெயர்களுள் ஒன்றாகி, 2011-இல் 13.6 கோடி டாலருக்கு ரெட் ஹாட் நிறுவனத்தால் வாங்கப்பட்டது. அந்நிறுவனம் விற்ற குளஸ்டர் சேமிப்பகப் பொருளுக்கான ஆதரவு 2024 இறுதியோடு முடிந்தது. அவரே பின்னர் இணைந்து தொடங்கிய மினியோ என்னும் ஆப்ஜெக்ட் சேமிப்பு மென்பொருளின் இலவசப் பதிப்பில், 2025-இல் மேலாண்மைத் திரையின் பல வசதிகள் நீக்கப்பட்டன. மென்பொருளின் தரத்துக்கும் இம்முடிவுகளுக்கும் தொடர்பில்லை. பத்தாண்டு வைத்திருக்க வேண்டிய தரவுக்கு, ஐந்தாண்டில் திசை மாறக்கூடிய பொருளைத் தேர்கையில் மாற்றுவழி ஒன்றைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்பதே இங்குக் கருதத்தக்கது.

மேகத்தின் விலையைப் படித்தல்

மேகச் சேமிப்பின் வாடகை ஒரே எண்ணாகத் தோன்றினாலும், பில் நான்கு கூறுகளால் ஆனது: வைத்திருக்கும் அளவுக்கு வாடகை, ஒவ்வொரு எழுதலுக்கும் படித்தலுக்கும் கோரிக்கைக் கட்டணம், அரிதாகத் திறக்கும் கோப்புகளுக்கான குளிர்நிலைச் சேமிப்பிலிருந்து எடுப்பதற்கு மீட்புக் கட்டணம், மேகத்தை விட்டு வெளியே கொண்டுபோவதற்கு வெளியேற்றக் கட்டணம். அமேசானின் வர்ஜீனியா மையத்தில் அண்மைக் காலப் பட்டியல் விலையை எடுத்துக்கொண்டால், எஸ்3-இன் சாதாரண வகுப்பில் 100 டெராபைட் வைத்திருக்க மாதம் ஏறத்தாழ 2,300 டாலர். அதே 100 டெராபைட்டை ஒருமுறை இணையம் வழியே வெளியே எடுக்க ஏறத்தாழ 8,000 டாலர், அதாவது மூன்றரை மாத வாடகை. இந்திய மையங்களில் வெளியேற்றக் கட்டணம் இன்னும் கூடுதல்.

குளிர்நிலை வகுப்புகளில் இந்த ஏற்றத்தாழ்வு வியக்கத்தக்கது. மிக மலிவான டீப் ஆர்க்கைவ் வகுப்பில் 100 டெராபைட்டுக்கு மாத வாடகை ஏறத்தாழ 100 டாலர் மட்டுமே. ஆனால் முழுவதையும் சாதாரண வழியில் மீட்டெடுக்க 2,000 டாலரும், வெளியே கொண்டுவர 8,000 டாலரும் சேர்ந்து எட்டாண்டு வாடகையை ஒரே நாளில் கேட்கும். மீட்புக் கோரிக்கை நிறைவேறவும் 12 மணி நேரம் வரை ஆகும். வைத்த கோப்பை 180 நாளுக்குள் அழித்தாலும் 180 நாள் வாடகை உண்டு. பெரும்பாலும் திறக்கவே தேவைப்படாத சட்ட ஆவணங்களுக்கும் முடிந்துபோன படங்களின் மூலச் சட்டகங்களுக்கும் இவ்வகுப்பு மிகப் பொருத்தமானது. மருத்துவர் எந்நேரமும் பழைய ஸ்கேனைக் கேட்கக்கூடிய இடத்தில் இதை முதன்மை இருப்பிடமாக்குவது, மலிவைக் கண்டு மயங்குவதாகவே முடியும்.

கோரிக்கைக் கட்டணம் சில்லறைபோல் தோன்றுவதால் பெரும்பாலோர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. டீப் ஆர்க்கைவில் ஆயிரம் கோப்புகளை எழுத 5 சென்ட். விஎஃப்எக்ஸ் கூடத்தின் 19 லட்சம் கோப்புகளுக்கு இது 95 டாலர். மருத்துவமனையின் 19 கோடிக் கோப்புகளுக்கு 9,500 டாலர், அதாவது ஏழரை ஆண்டு வாடகைக்கும் மேலான தொகை, வைக்கும் நாளிலேயே. ஒரு நோயாளியின் ஒரு பரிசோதனையைச் சேர்ந்த ஆயிரம் வெட்டுப்படங்களை ஒரே பொதியாகக் கட்டி அனுப்பினால் அது 10 டாலருக்குள் முடிந்துவிடும். கணக்கெடுப்பைச் செய்தவருக்கே இந்த வழி கண்ணில் படும்.

மேகமா வளாகமா என்ற விவாதத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் டிராப்பாக்ஸ் நிறுவனம், அமேசானிடம் வைத்திருந்த தன் பயனர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை 2015, 2016 காலப்பகுதியில் தானே கட்டிய சேமிப்பகத்துக்கு மாற்றியது. அதனால் இரண்டாண்டில் 7.46 கோடி டாலர் மிச்சமானதாக 2018-இல் பங்குச் சந்தையில் நுழைவதற்காக அளித்த ஆவணத்தில் தெரிவித்தது. அதே காலத்தில், 2016 ஜனவரியில், நெட்ஃப்ளிக்ஸ் தன் கணினி அமைப்பை அமேசான் மேகத்துக்கு மாற்றும் பணியை முடித்தது. இரண்டும் பிழையான முடிவுகள் அல்ல. டிராப்பாக்ஸ் மாற்றியது 500 பெட்டாபைட்டுக்கும் மேல். கோப்புகளை வைப்பதே அதன் தொழில். அதற்கென மென்பொருளும் கருவியும் ஆக்கும் பொறியாளர்கள் அதனிடம் இருந்தனர். அரை பெட்டாபைட் வைத்திருக்கும் நிறுவனம் அந்த மிச்சத்தை எதிர்பார்த்து அந்த வழியில் இறங்குவது பொருந்தாது. தேவை சீராகவும் பெரிதாகவும் நாள்தோறும் படிக்கப்படுவதாகவும் இருந்தால் வளாகம் மலிவாகிறது. தேவை ஏறியிறங்குவதாகவோ பெரும்பாலும் உறங்குவதாகவோ இருந்தால் மேகம் மலிவாகிறது.

இரண்டையும் இணைத்தல்

நடைமுறையில் பெரும்பாலான நிறுவனங்கள் கலப்பு அமைப்பிலேயே வந்து நிற்கின்றன: சூடான கோப்புகள் வளாகத்தில், ஆறிய கோப்புகள் மேகத்தில். இடையில் கேட்வே எனப்படும் நுழைவுக் கருவி, அண்மையில் தொட்ட கோப்புகளை அலுவலகத்தில் வைத்துக்கொண்டு மற்றவற்றை மேகத்துக்கு அனுப்புகிறது. பயனருக்கு எல்லாம் ஒரே டிரைவில் இருப்பதாகத் தோன்றும். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. சென்னை, கோவை அலுவலகங்களில் இருவர் ஒரே கோப்பைத் திறந்து திருத்தினால் எது நிற்கும் என்பது முதலாவது. சில கருவிகள் ஊர் கடந்தும் கோப்பைப் பூட்டும், சில பூட்டாது. பூட்டாத கருவியாயின், ஒவ்வொரு கோப்புறைக்கும் எழுதும் உரிமையை ஓர் அலுவலகத்துக்கே கொடுத்து மற்றவற்றுக்குப் படிக்கும் உரிமை மட்டும் தருவது பாதுகாப்பு.

இரண்டாவது இன்னும் ஆழமானது. பல நுழைவுக் கருவிகள் கோப்பைத் தமக்கே உரிய துண்டுகளாக்கி மேகத்தில் வைக்கின்றன. மேகக் கணக்கு நிறுவனத்தின் பெயரில் இருந்தாலும், அக்கருவியின் மென்பொருள் இல்லாமல் அத்துண்டுகளை எவரும் படிக்க இயலாது. மைக்ரோசாஃப்டின் ஸ்டோர்சிம்பிள் என்னும் கலப்புச் சேமிப்புக் கருவி 2022 டிசம்பர் 31-இல் நிறுத்தப்பட்டபோது, அதைப் பயன்படுத்தியோர் அந்நாளுக்குள் தம் தரவைப் பெயர்த்தாக வேண்டியிருந்தது. கோப்புகள் மேகத்தில் அவற்றின் இயல்பான பெயரோடும் வடிவோடும் இருக்கின்றனவா என்று கேட்டு, மேகத்தின் திரையில் நேரடியாகத் திறந்துகாட்டச் சொல்வது ஐந்து நிமிட வேலை.

இழப்பும் மீட்பும்

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியிலிருந்து தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தம் அலுவல் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவ் என்னும் சேமிப்பகம் அதில் முற்றாக அழிந்தது. அதிலிருந்த 858 டெராபைட்டுக்கு வெளியிடத்தில் காப்பு நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்ததால் நகலெடுக்க முடியவில்லை என்பதே அதற்குத் தரப்பட்ட விளக்கம். 858 டெராபைட் உண்மையில் அத்துணைப் பெரிதா என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம்: 10 கிகாபிட் இணைப்பில் முழு வேகத்தில் அனுப்பினால் எட்டு நாள். பாதி வேகமே கிடைத்தாலும் 16 நாள். முதல் நகலுக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் அனுப்பினால் போதும். பெரிதாகிவிட்டதால் காப்பு நகல் இயலாது என்று கூறும் எந்த வடிவமைப்பும், வாங்கும் நிலையிலேயே தள்ளத்தக்கது.

காப்பு நகல் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு 2021-ஆம் ஆண்டு இரு சான்றுகளைத் தந்தது. மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் எரிந்தபோது, காப்பு நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தனர். டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கணினியில், காப்பு நகல் எடுக்கும் நிரலில் செய்யப்பட்ட திருத்தம் பிழையாகி, பழைய பதிவேடுகளை அழிக்க வேண்டிய நிரல் ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்தது. 77 டெராபைட், ஏறத்தாழ 3.4 கோடிக் கோப்புகள், 14 ஆய்வுக் குழுக்கள். அவற்றுள் நான்கு குழுக்களின் தரவை மீட்க முடியவில்லை. காக்க வந்த நிரலே அழித்த இந்நிகழ்ச்சி, நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே அதிகாரச் சாவி இருக்கலாகாது என்பதைக் காட்டுகிறது.

ஸ்னாப்ஷாட், அதாவது குறித்த கணத்தில் கோப்புகள் இருந்த நிலையை அப்படியே உறையவைக்கும் பதிவு, தவறி அழித்ததை நொடியில் மீட்க உதவும். அது மூலக் கருவிக்குள்ளேயே வாழ்வதால் கருவி போனால் கூடவே போய்விடும். இரு இடங்களுக்கிடையே உடனுக்குடன் நகலெடுக்கும் ஏற்பாடும் அழிவையும் உடனுக்குடன் நகலெடுத்துவிடும். ஆகவே புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 விதி இன்றும் அடிப்படையாக நிற்கிறது: மூன்று நகல், இருவேறு ஊடகம், ஒன்று வெளியிடத்தில். பணயத் தீநிரல்கள் காப்பு நகல்களைத் தேடி அழிப்பதால், குறித்த காலம் வரை நிர்வாகியே முயன்றாலும் அழிக்க முடியாதபடி பூட்டப்பட்ட நகல் ஒன்றும் வேண்டும். எஸ்3-இன் ஆப்ஜெக்ட் லாக் வசதியோ, கருவியிலிருந்து கழற்றி அலமாரியில் வைக்கப்படும் டேப்போ இதற்கு உதவும். பழமையானதென்று ஒதுக்கப்படும் டேப், ஒன்பதாம் தலைமுறை எல்டிஓவில் ஒரு சுருளுக்கு 18 டெராபைட் கொள்கிறது. வெளியிடம் என்பது அடுத்த தெருவும் அன்று; 2015 டிசம்பரில் சென்னையில் பெருகிய வெள்ளம் நகரின் பல பகுதிகளை ஒருசேர மூழ்கடித்தது.

மீட்புக்கு ஆகும் காலத்தையும் வாங்கும் முன்பே கணக்கிட வேண்டும். 100 டெராபைட்டை 1 கிகாபிட் இணைப்பில் மேகத்திலிருந்து இறக்க, தடையேதும் இல்லாவிடினும் ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். நிறுவனம் ஒன்பது நாள் மூடிக் கிடக்க முடியுமா என்பது தொழில்நுட்பக் கேள்வி அன்று. உரிமையாளர் விடைசொல்ல வேண்டிய கேள்வி. எல்லாம் மீளும்வரை காத்திராமல், நாளை காலை தேவைப்படும் கோப்புறைகள் எவை என்று முன்கூட்டியே வரிசைப்படுத்தி வைத்திருந்தால் ஒன்பது நாள் ஒரு நாளாகக் குறையக் கூடும்.

சட்டக் கடமைகள்

இந்தியாவில் சில தரவுகளுக்கு இருப்பிடம் சட்டத்தாலேயே வரையறுக்கப்பட்டுள்ளது. பணப்பரிமாற்ற அமைப்புகளின் தரவு இந்தியாவுக்குள் மட்டுமே இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் ஆணையிட்டது. கணினிப் பதிவேடுகளை 180 நாள் நாட்டுக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் ஆணை. நிறுவனக் கணக்கேடுகளை எட்டு நிதியாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டம் விதிக்கிறது. அவற்றின் காப்பு நகலை நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. மேகக் கணக்கைத் திறக்கும்போது மையத்தைத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஒரு கட்டத்தில் கவனம் பிசகினால் இவற்றுள் இருப்பிடம் பற்றியவை அனைத்தும் ஒருங்கே மீறப்படக் கூடும். காப்பு நகலின் மையம் முதன்மை மையத்திலிருந்து தனியே குறிக்கப்படுவதால், அதையும் தனியே பார்க்க வேண்டும்.

முன்னோட்டமும் ஒப்பந்தமும்

இறுதிப் பட்டியலில் இரண்டு அல்லது மூன்று அமைப்புகள் எஞ்சிய நிலையில், விற்பனையாளரின் மாதிரித் தரவைக் கொண்டு அல்லாமல் நிறுவனத்தின் சொந்தத் தரவில் ஐந்து டெராபைட்டைக் கொண்டு முன்னோட்டம் நடத்த வேண்டும். கணக்கெடுப்பில் கண்ட அளவு விகிதம் அந்த ஐந்து டெராபைட்டிலும் இருக்க வேண்டும். பெரிய கோப்புகளை மட்டும் கொடுத்துச் சோதித்தால் எந்த அமைப்பும் வேகமாகவே தெரியும். காலை பத்து மணிக்கு அலுவலகம் முழுவதும் வேலை செய்துகொண்டிருக்கையில் ஒரு டிஸ்கைக் கழற்றுவது, ஆயிரக்கணக்கான கோப்புகள் உள்ள கோப்புறையின் பெயரை மாற்றுவது, ஒரு கோப்புறையை அழித்துக் காப்பு நகலிலிருந்து மீட்பது, எல்லாவற்றையும் வேறொரு சேமிப்பகத்துக்கு வெளியேற்றுவது ஆகிய நான்கையும் கடிகாரத்தோடு செய்து பார்த்து, கிடைத்த காலங்களை ஏற்பு நிபந்தனைகளாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலான விற்பனையாளர்கள் முதல் மூன்றுக்கு உடனே இசைவர். நான்காவதற்குத் தயங்குபவரிடம் காரணம் கேட்க வேண்டும்.

2024-இல் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்டும் தம் மேகத்தை விட்டு முற்றாக விலகுவோருக்கு வெளியேற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தன. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். குறித்த காலத்துக்குள் பெயர்க்கவும் வேண்டும். ஒரு பகுதியை மட்டும் வெளியே கொண்டுபோவோருக்கு அச்சலுகை இல்லை. எனவே ஒப்பந்தத்தில் மூன்று வரிகள் தனியே இடம்பெறுவது நல்லது: விலகும்போது வெளியேற்றக் கட்டணம் எவ்வளவு, ஒப்பந்தம் முடிந்தபின் எத்தனை நாள் வரை கோப்புகளைப் படித்து இறக்கிக்கொள்ளலாம், அந்நாள்கள் முடிந்தபின் மீதியை அழித்ததற்கு எத்தகைய சான்று தரப்படும். கட்டணம் கட்டத் தவறிய மாதத்தில் கணக்கு உடனே பூட்டப்படுமா, படிக்கும் உரிமையாவது தொடருமா என்பதையும் அதே பக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.